டாரட் அட்டை அசல் ஓவியம்: வரைவதிலிருந்து பார்சல் கட்டுவது வரை

டாரட் என்பது குறி வாசிக்கப் பயன்படும் படச் சீட்டுக்கட்டு. அச்சுக்குப் போகும் டாரட் ஓவியத்தின் தேவைகள் வேறு, அசலாகவே விற்கப்படும் ஓவியத்தின் தேவைகள் வேறு. அச்சுக்கு மட்டும் என்றால் எந்தத் தாளிலும் எந்த மார்க்கரிலும் வரையலாம். ஸ்கேன் செய்யும் நாள்வரை நிறம் நின்றால் போதும். அசலை வாங்குகிறவரோ அதை ஃப்ரேம் போட்டு இருபது முப்பது வருடம் சுவரில் மாட்டப்போகிறார். அதற்கு முன் கையில் எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்ப்பார், பின்புறம் திருப்பிப் பார்ப்பார். திரையில் பளிச்சென்று இருந்த படம் உறையைப் பிரித்ததும் ஏமாற்றம் தருகிறது என்றால், பெரும்பாலும் அது திரைக்காகவே வரையப்பட்ட படமாக இருக்கும். இங்கே சொல்லப்படும் முறை அசலை முன்னால் வைத்து யோசித்தது. அதே படத்திலிருந்து பிறகு சீட்டுக்கட்டு அச்சிடவும் இதில் இடமுண்டு.

எத்தனை அட்டை, எந்த வரிசை

முழுக் கட்டு 78 அட்டை. மேஜர் அர்கானா (ஃபூல், மூன் போன்ற பெயர் கொண்ட அட்டைகள்) 22, மைனர் அர்கானா (பிரிவு அட்டைகள்) 56. மைனரில் கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு பிரிவு. ஒவ்வொன்றிலும் ஏஸ் முதல் பத்து வரை எண் அட்டைகள், அதற்குமேல் பேஜ், நைட், குயின், கிங். வாரம் ஒரு அட்டை முடித்தாலும் முழுக் கட்டுக்கு ஒன்றரை வருடம் ஆகும். முதல் முறையாக இறங்குகிறவர்கள் மேஜர் 22-ஐ மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது. அது தனித் தொகுப்பாகவும் நிற்கும், ஒவ்வொன்றாகவும் விற்கும்.

பலரும் சறுக்குவது வரிசையில்தான். ஃபூல் அட்டையில் ஆரம்பித்து வேர்ல்ட் வரை எண்படி வரைந்தால், வரைய வரையக் கை பழகுவது அட்டைகளில் அப்படியே தெரியும். கட்டின் முதல் அட்டைகள் கற்றுக்குட்டி வேலையாகவும் கடைசி அட்டைகள் தேர்ந்த வேலையாகவும் நிற்கும். அதனால் வரிசையைக் கலைத்துவிடுங்கள். முதலில் நான்கே நான்கு: உருவங்கள் நிறைந்த ஒன்று (ஜட்ஜ்மென்ட்), இரவுக் காட்சி ஒன்று (மூன்), தனி உருவம் ஒன்று (ஹெர்மிட்), சிறு பொருள்கள் திரும்பத் திரும்ப வரும் எண் அட்டை ஒன்று (எட்டுக் கோப்பை). இந்த நான்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே குடும்பமாகத் தெரியும்வரை நிறங்களையும் கோட்டின் தடிமனையும் மாற்றிக்கொண்டே இருங்கள். தெரிந்த பிறகு அந்த நிறக் கலவைகளை ஒரு தாளில் பூசி, பக்கத்தில் எந்த டியூப், என்ன விகிதம் என்று எழுதி வையுங்கள். மாதக்கணக்கில் ஓடும் வேலையில் நினைவை நம்பினால் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு நீலமாகிவிடும்.

அளவுக் கணக்கு

டாரட் சீட்டின் பரவலான அச்சு அளவு 70 × 120 மி.மீ. இந்த அளவிலேயே அசலை வரைந்தால் சுவரில் எடுபடாது, கையும் வலிக்கும். இரண்டு மடங்கு, அதாவது 140 × 240 மி.மீ., நல்ல அளவு. அச்சில் வெட்டுவதற்குச் சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் வண்ணம்) கேட்பார்கள். இரு மடங்கில் அது 6 மி.மீ. ஆகவே வண்ணம் பூசும் பரப்பு 152 × 252. அதைச் சுற்றி 20 மி.மீ. வெள்ளை ஓரம் விட்டால் தாள் 192 × 292 மி.மீ. வரும்.

இந்த 20 மி.மீ.-க்குக் காரணம் உண்டு. ஏ4 ஸ்கேனரின் கண்ணாடிக்குள் தாள் முழுவதும் அடங்கும். தாள் பெரிதாக இருந்து ஸ்கேனரின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தால் அந்தப் பக்கம் கண்ணாடியிலிருந்து தூக்கிக்கொள்ளும், ஸ்கேனில் அங்கே மங்கல் விழும். ஓரமே விடாமல் தாளின் விளிம்புவரை வரைந்தாலோ மவுண்ட் (ஃப்ரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் துளையிட்ட அட்டை) போடுகிறவருக்குப் பிடிக்க இடம் இருக்காது.

அச்சில் எல்லாம் பாதியாகச் சுருங்கும். 0.3 பேனாக் கோடு 0.15 மி.மீ. ஆகி விட்டுவிட்டுத் தெரியும், ஆகவே முக்கியக் கோடுகளுக்கு 0.5-க்குக் குறைய வேண்டாம். அட்டையின் பெயர் எழுதினால் எழுத்து உயரம் 6 மி.மீ.யாவது இருக்கட்டும். வெட்டும்போது ஒன்றிரண்டு மி.மீ. நகர்வது சகஜம் என்பதால் மெல்லிய பார்டர் ஆபத்து: ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் காணாமல் போகும். பார்டர் வேண்டுமென்றால் அசலில் 10 மி.மீ.க்கு மேல், இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம். மூலைகள் வளைவாக வெட்டப்படும், அங்கே முகமோ எண்ணோ வைக்காதீர்கள்.

பெயரை அசலிலேயே எழுதுவதா என்று ஒரு வாதம் எப்போதும் உண்டு. சுவரில் மாட்டும் படத்துக்குக் கையால் எழுதிய பெயர் தனி அழகு. அச்சுக்கு அது தலைவலி, வேறு மொழியில் கட்டு போட முடியாது. பெயருக்கான பட்டையைக் காலியாக விட்டு முதலில் ஸ்கேன் செய்யுங்கள், அதன்பின் கையால் எழுதுங்கள். இரண்டு வழியும் திறந்திருக்கும்.

தாள்

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), நூறு சதவீதம் காட்டன், அமிலமற்றது, ஹாட் பிரஸ். ஹாட் பிரஸ் வழவழப்பானது. நுணுக்கமான கோடும் தங்க ரேக்கும் (ஒட்டுவதற்கான மிக மெல்லிய தங்கத் தகடு) அதில்தான் சுத்தமாக உட்காரும். கோல்ட் பிரஸ்ஸின் சொரசொரப்பு நிலக்காட்சிக்கு அழகு, ஐந்து மி.மீ. முகத்துக்கு எதிரி. தடித்த இல்லஸ்ட்ரேஷன் போர்டு வாங்கினால், மேல்தாள் மட்டும் காட்டனாக இருந்து நடுவில் சாதாரண மரக்கூழ் இருக்கிறதா என்று பாருங்கள். அது சில வருடங்களில் பழுப்பேறி மேலே ஊறும்.

300 ஜிஎஸ்எம் தாளும் முழுப்பரப்பு ஈரப் பூச்சுக்கு நெளியும். நாலு பக்கமும் ஒட்டிய பிளாக்கில் வரையலாம், அல்லது தாளை நனைத்துப் பலகையில் ஈர கம் டேப்பால் இழுத்து ஒட்டிக் காயவிடலாம். மாஸ்கிங் டேப் பயன்படுத்தினால் எடுக்கும்போது ஹேர்டிரையரால் லேசாகச் சூடாக்கி, படத்துக்கு எதிர்ப்பக்கமாக, தாளோடு படிந்தாற்போல இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் தாளின் தோல் உரிந்து வரும். உரிந்த ஓரத்தை மறைக்க வழியே இல்லை.

வண்ணம்: பெயரைப் பார்க்காதீர்கள், குறியீட்டைப் பாருங்கள்

டியூப்பின் முன்பக்கப் பெயர் வியாபாரப் பெயர். பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீடுதான் உண்மை. பிஆர்83, அதாவது அசல் அலிஸரின் கிரிம்ஸன், வெளிச்சத்தில் வெளுக்கும். ஒளிரும் இளஞ்சிவப்புகளில் இருக்கும் ரோடமைன் வகைகள் (பிக்மென்ட் வயலட் 1, பேஸிக் வயலட் 10) அதைவிட வேகமாகப் போய்விடும். லவ்வர்ஸ் அட்டைக்கு அந்த ஜொலிக்கும் இளஞ்சிவப்பைத் தொடத் தோன்றும்; விற்கும் படத்தில் வேண்டாம். பதிலாகக் குவினாக்ரிடோன் வகை, பிவி19, நிற்கும். பிபி29 அல்ட்ராமரைன், பிபி15 தாலோ நீலம், பிஒய்42 மஞ்சள் காவி, பிஆர்101 சிவப்புக் காவி, பிடபிள்யூ6 வெள்ளை ஆகியவையும் நம்பலாம். ஒளித்தாங்குதிறன் ஏஎஸ்டிஎம் (தர அளவீடு) 1 அல்லது 2 என்று குறித்திருப்பதை மட்டும் எடுங்கள்.

சந்தேகமான நிறத்தை நீங்களே சோதிக்கலாம். ஒரு பட்டையில் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். மூடியை எடுத்ததும் கோடு கிழித்தாற்போல வித்தியாசம் தெரிந்தால் அந்த டியூப் ஸ்கெட்ச்புக்குக்குத்தான்.

ஆல்கஹால் மார்க்கர், பெரும்பாலான ஃபவுண்டன் பேனா மை எல்லாம் சாயம். சாயம் வெளுக்கும். கோட்டுக்குக் கார்பன் நிறமியால் ஆன, நீர்புகா இந்தியன் இங்க் வகையே போதும்.

வாட்டர்கலர், குவாஷ் (அடியை மறைக்கும் ஒளிபுகா வாட்டர்கலர்), அக்ரிலிக் மூன்றில் எது? அட்டையின் தட்டையான, தெளிவான தோற்றத்துக்கு குவாஷ் மிகப் பொருத்தம், ஸ்கேனிலும் பளபளப்பு வராது. அக்ரிலிக் உறுதியானது, ஆனால் அதன் பரப்பு கொஞ்சம் பிசுபிசுப்பாகவே இருக்கும், பார்சலில் அது தொல்லை தரும். பின்னால் வருகிறது.

உருவக் குறிகளும் உரிமையும்

அட்டை வாசிக்கிறவர்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள். அவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். பத்துக் கோல் அட்டையில் ஒன்பது கோல் இருந்தால் எவ்வளவு அழகான படமும் திரும்பி வரும். உருவத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கோலின் முனையாவது வெளியே தெரிய வேண்டும். பென்சில் நிலையிலேயே ஒவ்வொன்றின் மேலும் எண் போட்டு எண்ணிவிடுங்கள். வண்ணம் ஏறியபின் குவாஷில் ஒரு கோப்பையைச் சேர்ப்பது ஒட்டுப்போட்டதுபோல் தெரியும்.

எண் மரபையும் ஆரம்பத்திலேயே தீர்மானியுங்கள். மார்செய் என்ற பழைய பிரெஞ்சு மரபில் ஜஸ்டிஸ் 8, ஸ்ட்ரெங்த் 11. 1909-ல் லண்டனில் வெளியான ரைடர்–வெய்ட் கட்டில் இது இடம் மாறி ஸ்ட்ரெங்த் 8, ஜஸ்டிஸ் 11 ஆனது. இன்றைக்கு அதிகம் பேருக்குப் பழக்கமானது இரண்டாவது. எதுவானாலும் கட்டு முழுக்க ஒன்றையே பின்பற்றுங்கள்.

அந்த 1909 கட்டை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். அவர் இறந்தது 1951-ல். ஆகவே ஆசிரியர் இறந்து 70 வருடம் என்று கணக்கிடும் நாடுகளில் அந்தப் படங்களின் காப்புரிமை 2021 முடிவோடு தீர்ந்தது. அந்த அமைப்புகளைத் தழுவலாம். ஆனால் பிற்காலத்தில் மறுவண்ணம் தீட்டி வந்த பதிப்புகள் வேறு கதை. அவற்றின் நிறத்தேர்வைப் பார்த்து வரையாமல் 1909 கட்டையே மூலமாக வையுங்கள். தோத் என்ற இன்னொரு புகழ்பெற்ற டாரட் கட்டை வரைந்த ஃப்ரீடா ஹாரிஸ் இறந்தது 1962-ல். அதே கணக்கில் 2032 முடியும்வரை அவை உரிமைக்குட்பட்டவை. இன்றைய ஓவியர்களின் கட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: நிறத்தை மாற்றினாலும் நகல் நகல்தான்.

தழுவுவதைவிட, ஒரு அட்டைக்கு விட முடியாத குறிகள் எவை என்று மூன்று நான்கை மட்டும் எடுத்து மீதியைச் சொந்தமாக அமைப்பதே விற்பனைக்கும் நல்லது. மூன் அட்டைக்கு நிலவு, நாயும் ஓநாயும், நீரிலிருந்து ஏறும் நண்டுபோன்ற உயிர், இரு கோபுரங்களுக்கு நடுவே போகும் பாதை. இவை இருந்தால் எந்த உலகத்தில் வைத்தாலும் அது மூன்தான்.

ஒரு அட்டை வளரும் விதம்

மூன் அட்டையையே எடுத்துக்கொள்வோம். இரவு வானத்தில்தான் குவாஷின் எல்லாச் சிக்கலும் வரும்.

பென்சில் வரைவைத் தனித்தாளில் முடித்து டிரேசிங் பேப்பரில் எடுங்கள். பின்பக்கத்தில் 2பி பென்சிலைத் தேய்த்து நல்ல தாளுக்கு மாற்றுங்கள். கார்பன் பேப்பர் வேண்டாம்: அதன் மெழுகு தண்ணீரைத் தள்ளும், கோட்டின்மேல் வண்ணம் பிடிக்காது. மாற்றியபின் குழைவான அழிப்பானால் ஒற்றி, கோடு கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் அளவுக்கு மங்கலாக்குங்கள்.

அடுத்து தங்கம். ஆம், வண்ணத்துக்கு முன்னால். ரேக்கு ஈரப்பசை எங்கே இருந்தாலும் ஒட்டும், குவாஷில் இருக்கும் கோந்திலும் ஒட்டும். முதலில் வண்ணம் பூசிவிட்டால் வானமெல்லாம் தங்கத் துணுக்கு சிதறிக் கிடக்கும். நிலவைச் சுற்றியுள்ள வெற்றுத் தாளில் டால்கம் பவுடரை லேசாகத் தூவித் துடைத்துவிட்டு, நிலவில் மட்டும் அக்ரிலிக் சைஸை (ரேக்கு ஒட்டும் பசை) சீராகப் பூசுங்கள். பால்போல் வெள்ளையாக இருக்கும்வரை கை வைக்காதீர்கள். 15 முதல் 30 நிமிடத்தில் கண்ணாடியாகத் தெளியும். விரல் கணுவால் தொட்டால் ஒட்டி, பசை கையோடு வராமல் விடும். அப்போதுதான் ரேக்கு. அவசரப்பட்டால் சைஸில் ரேக்கு மூழ்கி மங்கிப்போகும். தாமதித்தால் அங்கங்கே பிடிக்காமல் ஓட்டை விழும். ரேக்கின்மேல் கிளாஸின் தாள் (வழவழப்பான, மெல்லிய, ஒளி ஊடுருவும் தாள்) வைத்து அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்து மென்மையான பிரஷ்ஷால் உபரியைத் தட்டியெடுங்கள்.

22 காரட்டுக்கு மேற்பட்ட ரேக்கு நிறம் மாறாது. மலிவான இமிடேஷன் ரேக்கு செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை, காற்று பட்டுக் கறுக்கும். அதைப் பயன்படுத்தினால் ஷெல்லாக் பூசி மூட வேண்டும், விற்கும்போது "தங்கம்" என்று எழுதக்கூடாது. மைக்கா கலந்த தங்க வாட்டர்கலர் கறுக்காது, பளபளப்பு குறைவு. நட்சத்திரம், ஆடையோரம் போன்ற சிறு இடங்களுக்கு அதுவே தோது. 15-ஆம் நூற்றாண்டின் விஸ்கோன்டி–ஸ்ஃபோர்ஸா அட்டைகளில் பின்னணி முழுக்க ரேக்கு ஒட்டி, கருவியால் அழுத்திப் புள்ளிக் கோலமும் போட்டிருக்கிறார்கள். முழுப் பின்னணித் தங்கத்துக்கு நினைத்ததைவிட அதிக ரேக்கு செலவாகும். வழக்கமான தாள் ஏறத்தாழ 80 மி.மீ. சதுரம்தான், ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறித்தான் ஒட்ட வேண்டும்.

இப்போது வானம். தேவை என்று தோன்றுவதைப்போல் இரு மடங்கு கலவை ஒரே கிண்ணத்தில். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் திரும்பக் கிடைக்காது, ஏனென்றால் குவாஷ் காயும்போது மாறும்: அடர்ந்த நிறம் சற்று வெளிறும், வெளிர் நிறம் சற்று அடரும். ஒரு துண்டில் பூசிக் காயவைத்துப் பார்த்தபின்னரே படத்தில் வையுங்கள். பிரஷ்ஷைத் தூக்கினால் சொட்டக் கூடாது, இழுத்தால் தடைபடவும் கூடாது, அந்தப் பதம். 15 மி.மீ. தட்டை பிரஷ்ஷால் முதல் பூச்சு கிடைமட்டம். புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி தெரியாத அளவுக்குக் காய்ந்தபின் இரண்டாம் பூச்சு செங்குத்தாக, ஒரே இடத்தில் இரு தடவைக்கு மேல் தேய்க்காமல். குவாஷ் காய்ந்த பிறகும் நீரில் கரையும்; ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் அடிப்பூச்சு எழும்பிச் சேறாகும்.

காய்ந்தபின் வெடிப்பு தெரிகிறதா? பூச்சு தடித்துவிட்டது, அல்லது தண்ணீர் அதிகமாகிக் கோந்து நீர்த்துவிட்டது. அடுத்த கலவையில் ஒன்றிரண்டு துளி கம் அராபிக் விடுங்கள். அளவு மிஞ்சினால் பளபளக்கும், பிறகு அதுவே நொறுங்கும். தொட்டால் கையில் வண்ணம் வருகிறது என்றாலும் கோந்துக் குறைவுதான்.

அடர்நீல குவாஷின்மேல் விரல் பட்டால் அங்கே பளபளப்பான தடம் விழும், துடைத்தால் பெரிதாகும். கைக்கு அடியில் எப்போதும் ஒரு சுத்தமான தாள் இருக்கட்டும்.

பிறகு கோபுரம், தரை, விலங்குகள்: பெரிய பரப்பிலிருந்து சிறியதற்கு. கோடுகளும் நட்சத்திர வெள்ளைப் புள்ளிகளும் கடைசி. வார்னிஷ் வேண்டாம். குவாஷின்மேல் வார்னிஷ் ஏறினால் நிறங்கள் இருண்டு, வெளிர் நிறங்களின் வேறுபாடு அழிந்துவிடும். பாதுகாப்பு ஃப்ரேமின் கண்ணாடி பார்த்துக்கொள்ளும்.

தாள் நெளிந்திருந்தால் படத்தைச் சிலிகான் தாளின்மேல் குப்புற வைத்து, பின்பக்கம் மட்டும் ஸ்பிரேயால் மிக லேசாக ஈரப்படுத்தி, பிளாட்டிங் பேப்பர், பலகை, கனம் என்று அடுக்கி ஒரு நாள் விடுங்கள். ரேக்கு ஒட்டிய படத்துக்கு இந்த வேலை வேண்டாம்.

ஸ்கேன், விற்பதற்கு முன்

விற்ற படத்தைத் திரும்பக் கேட்டு ஸ்கேன் செய்ய முடியாது. முடிந்த அன்றே செய்துவிடுங்கள்.

சிசிடி வகை ஸ்கேனர் நல்லது. மெல்லிய சிஐஎஸ் ஸ்கேனர்களில் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு, தாள் சிறிது மேலெழும்பினாலும் மங்கும். 600 பிபிஐ (அங்குலத்துக்கு 600 பிக்சல்), 16 பிட், டிஃப் கோப்பு. 152 × 252 மி.மீ. பரப்பு ஏறக்குறைய 3590 × 5950 பிக்சல் வரும், கோப்பு 128 எம்பி சுமார். 78 அட்டைக்கு 10 ஜிபி. அட்டை அச்சுக்கு இவ்வளவு தேவையில்லை, ஆனால் பெரிய பிரிண்ட் கேட்டு வருகிறவர்கள் உண்டு. ஆட்டோ எக்ஸ்போஷர், ஷார்ப்பனிங் எல்லாவற்றையும் அணைத்து, ஓரத்தில் வண்ண அளவுகோல் ஒன்றை வைத்து எடுங்கள். ஆட்டோ விட்டால் ஒவ்வொரு அட்டைக்கும் ஸ்கேனர் தன் இஷ்டத்துக்கு வெளிச்சம் கூட்டும், கட்டு ஒன்றுபோல் இருக்காது.

ரேக்கு ஸ்கேனில் கறுப்பாகவோ சேற்றுப் பழுப்பாகவோ விழும். ஸ்கேனரின் ஒளி வேறு பக்கம் பிரதிபலித்துப் போய்விடுவதுதான் காரணம், குறை படத்தில் இல்லை. விளம்பரத்துக்குச் சாய்வு வெளிச்சத்தில் தனியாகப் போட்டோ எடுங்கள். அச்சுக்கு, ரேக்கு இடத்தின் டிரேசிங்கைத் தனிக் கோப்பாக வைத்திருந்தால் ஃபாயில் அச்சுக்கு அது அப்படியே உதவும்.

கையெழுத்தும் பின்புறமும்

படத்துக்குள் கையெழுத்திட்டால் வெட்டுக்கோட்டிலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி இடுங்கள். கீழ் ஓர வெள்ளையில் பென்சிலால் இடுவது இன்னும் சுத்தம். அப்போது மவுண்ட் துளை கீழ்ப்பக்கம் 8, 10 மி.மீ. அகலமாக வேண்டும் என்று வாங்குகிறவருக்கு எழுதிவிடுங்கள், இல்லையேல் ஃப்ரேம் போடுகிறவர் மறைத்துவிடுவார். பின்புறம் 2பி பென்சிலால் அட்டையின் பெயர், தொடரின் பெயர், வருடம், ஊடகம், நிறமி வகை, ரேக்கு இருந்தால் அதன் காரட். பால்பாயின்ட் வேண்டவே வேண்டாம். அது முன்பக்கத்தில் தடமாக எழும்பும்.

விற்பனைக் குறிப்பும் விலையும்

முதலில் ஒரு கேள்வியை முடித்துக்கொள்ளுங்கள்: தொகுப்பாக விற்பதா, ஒவ்வொன்றாகவா? ஒவ்வொன்றாக விற்றால் மூன், ஸ்டார், ஹை பிரீஸ்டஸ், டெத் போன்றவை முதலில் போய், நாலு காசும் ஐந்து கோலும் நெடுநாள் கையிலேயே நிற்கும். தொகுப்பாக விற்க வாங்குகிறவர் அரிது. நடுவழி: மேஜரைத் தனித்தனியாக, மைனரைப் பிரிவுக்கு 14 என்று நான்கு தொகுதியாக. எது முடிவானாலும் முதல் அட்டை விற்கும் முன் முடிவாக வேண்டும்.

எல்லா அட்டையும் ஒரே அளவு என்பதால் அடிப்படை விலையும் ஒன்றே. பொருட்செலவு, நேரம் பெருக்கல் மணிக்கூலி, பேக்கிங். அதன்மேல் ரேக்குக்கும் உருவங்கள் நிறைந்த அட்டைக்கும் கூடுதல். கமிஷன் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். கையில் 100 வேண்டும், தளமோ கேலரியோ 30 சதவீதம் எடுக்கும் என்றால் 130 என்று போடுவார்கள். 130-ல் 30 சதவீதம் 39. கையில் நிற்பது 91. சரியான கணக்கு 100-ஐ 0.7-ஆல் வகுப்பது: சுமார் 143.

குறிப்பில் படத்தின் அளவு, தாளின் அளவு இரண்டையும் மி.மீ.-ல் எழுதுங்கள். ஃப்ரேம் உண்டா இல்லையா, எந்த வண்ணம், எந்தத் தாள். படங்கள் குறைந்தது ஐந்து: நேர்முகம், சாய்வு வெளிச்சத்தில் ரேக்கு, பிரஷ் தடம் தெரியும் நெருக்கம், பின்புறம், அளவுகோல் பக்கத்தில் வைத்தது. ஸ்கேனை மட்டும் போட்டால் வாங்குகிறவர் அதை பிரிண்ட் என்றே நினைப்பார். பிரிண்ட்டின்மேல் கையால் கொஞ்சம் தங்கம் தீட்டியதை "அசல்" என்று விற்காதீர்கள். அதற்குக் கைவேலை சேர்த்த பிரிண்ட் என்று பெயர்.

அட்டை அதிர்ஷ்டம் தரும், வீட்டுக்கு நல்லது என்றெல்லாம் எழுதும் ஆசை வரலாம். விற்பது ஓவியம். அதற்குமேல் வாக்குக் கொடுத்தால் புகாரும் அதற்குத்தான் வரும்.

படத்தை விற்பதும் மறுபதிப்பு உரிமையை விற்பதும் ஒன்றல்ல. ரசீதிலேயே எழுதுங்கள்: "ஓவியம் மட்டுமே விற்கப்படுகிறது, அச்சிடும், மறுபதிப்புச் செய்யும் உரிமை ஓவியரிடமே இருக்கும்." பின்னால் கட்டு வெளியிட இந்த ஒரு வரி போதும். வாங்குகிறவர் தன் முகத்தை குயின் அட்டையில் வரையச் சொன்னால், அந்த முகத்தை அச்சில் பயன்படுத்த எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்சல்

குவாஷ், வாட்டர்கலர் படத்தின்மேல் கிளாஸின் தாள். அக்ரிலிக் என்றால் சிலிகான் பூசிய தாள்; கிளாஸின் வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளும், பபிள் ராப் நேரடியாகப் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் பதியும். படத்தை அமிலமற்ற அட்டையில் காகித மூலைகளால் பொருத்துங்கள், டேப் வேண்டாம். அதை ஒட்டும் மடிப்புள்ள பாலிப்ரொப்பிலீன் உறையில் போட்டால் ஈரம் நுழையாது. அந்த உறையின் பசை படத்தை எடுக்கும்போது பரப்பில் உரசும், ஆகவே பசை மடிப்பு அட்டையின் பின்பக்கம் வரட்டும்.

வெளியே இரண்டு நெளி அட்டைகள், ஒவ்வொரு பக்கமும் 50 மி.மீ. பெரிதாக. ஒன்றின் நெளிவு நீளவாக்கிலும் மற்றதன் நெளிவு குறுக்குவாக்கிலும் இருக்க வேண்டும். ஒரே திசையில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே மடங்கும். ஃப்ரேமோடு அனுப்புவதானால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட்.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சுங்கப் படிவத்தில் "டாரட் கார்டு" என்று மட்டும் எழுதினால் அதை விளையாட்டுச் சீட்டு என்று சரக்கு வகைக் குறியீட்டுப் பட்டியலின் (எச்எஸ்) 9504 தலைப்பில் சேர்க்க வாய்ப்புண்டு. முழுக்கக் கையால் வரைந்த ஓவியம் வருவது 9701-ல். வரி விகிதம் நாட்டுக்கு நாடு மாறும், பல இடங்களில் இரண்டுக்கும் வேறு வேறு. "கையால் வரைந்த அசல் ஓவியம், தாளில் குவாஷ், 1 எண்ணம், எச்எஸ் 9701" என்று படிவத்திலும் ரசீதிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லும் வாடிக்கையாளர் உண்டு. அப்படி எழுதினால் தொலைந்தபோது காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்கே கிடைக்கும்.

உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள், நாலு வரி போதும்: படம் கண்ணாடியைத் தொடாதபடி மவுண்ட் வைத்து ஃப்ரேம் போடவும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். பரப்பைத் துணியாலோ ஈரத்தாலோ துடைக்க வேண்டாம். லேமினேட் செய்ய வேண்டாம். கடைசி வரி வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் அட்டை வாசிக்கிறவர்களுக்குச் சீட்டை லேமினேட் செய்வது பழக்கம். குவாஷ் படம் அந்தச் சூட்டில் பிழைக்காது.